என் சுத்துல தப்பில்லை

எந்த கேஜ் கம்பின்னு வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க அக்கா. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஸ்டாக் இல்லைன்னு சொல்லுங்க, கொஞ்சமா எல்லாம் அளந்து குடுக்க மாட்டோம், முழு ரீலா எடுத்துக்கோன்னு சொல்லுங்க, வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்குவேன். வீட்டுக்காரரைக் கேளுன்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் நான் ரெண்டு பஸ் மாறி, அவருக்குத் தெரியாம, இந்தக் கடைக்கு வந்து நிக்கிறேன்.

உங்க மேல கோபம் இல்லை. நீங்க இங்கே புதுசுன்னு பார்த்தாலே தெரியுது. பெரியவர் இருந்திருந்தா எதுவும் கேக்காம ரீலைத் தூக்கி என் முன்னாடி வெச்சிருப்பார். சாப்பிடப் போயிருக்காரா? வரட்டும். இருக்கேன். இல்லைங்க, ஸ்டூல் வேண்டாம். உட்கார்ந்தா பாப்பா முழிச்சுக்குவா. தோளில் போட்டு ஆட்டிக்கிட்டே நின்னாத்தான் தூங்குவா. அதான் குரலை இறக்கிப் பேசறேன். எனக்கு இருக்கற கோபத்துக்கு உங்க கடை ஷட்டரே அதிரணும், ஆனா இவ முழிச்சுட்டா அப்புறம் கம்பி பார்த்த மாதிரிதான்.

நான் யார்கிட்டயும் இவ்வளவு பேசறவள் இல்லை. சத்தியமா. பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டிப் போனாக்கூட 'நிறுத்துங்க'ன்னு சொல்ல வாய் வராது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத் திரும்ப நடந்து வருவேன். இன்னிக்குச் சத்தம் போட்டேன். டிரைவரே திரும்பிப் பார்த்தார். எனக்கே யாரோ கத்தற மாதிரி இருந்தது.

கம்பி எனக்குத் தெரியும் அக்கா. எட்டாவதோட படிப்பு நின்னுபோச்சு, அது வேற. பதினெட்டு முடிஞ்சதும் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வைண்டிங்கில் சேர்ந்தேன். கல்யாணம் வரைக்கும் அங்கேதான். மோட்டாருக்குள்ள இருக்கற காயில் எல்லாம் கையால் சுத்தி, கையாலேயே மோட்டார் இடுக்கில் இறக்கணும். டெஸ்டிங்கில் எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒண்ணு ரெண்டு திரும்பி வரும். ரிட்டர்ன்னு சிவப்புத் துணி கட்டி மேசையில் வைப்பாங்க. அன்னிக்கு அந்தப் பொண்ணு சாப்பாட்டு நேரத்தில் யார் முகத்தையும் பார்க்காது. என் மேசைக்குச் சிவப்புத் துணி வந்ததே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. நான் போட்டு வந்த நகையைப் பத்தி யாராவது குறைச்சுப் பேசினாக்கூடக் கேட்டுக்குவேன், என் காயிலைப் பத்திப் பேசக் கூடாது.

பேசிட்டார். அதுவும் எங்கே வெச்சு? ரேடியோவில்.

எங்க வீட்டுக்காரர் டர்னர். லேத் பட்டறையில் வேலை. வேலை நேரம் போக மீதி எல்லாம் ஹாம் ரேடியோ. கேள்விப்பட்டிருக்கீங்களா? பாட்டுக் கேக்கற ரேடியோ இல்லை. இவங்களே பேசுவாங்க, எங்கிருந்தோ இன்னொருத்தர் பதில் பேசுவார். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி வெச்சிருக்கார். மாடியில் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்கு ஒரு கம்பி கட்டியிருக்கார், அதுதான் ஏரியலாம். நான் பாப்பா துணியை அதில் காயப் போட்டுட்டேன் ஒரு நாள். பார்த்தா கொடி மாதிரித்தானே இருக்கு? அன்னிக்கு அவர் குதிச்ச குதி இருக்கே, ஜப்பான்காரன் பேசிக்கிட்டிருந்தவன் பாதியில் போயிட்டானாம். பாப்பா ஜட்டிக்குப் பயந்து ஜப்பான்காரன் போயிட்டான்.

அதில் எனக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க. எக்ஸ் ஒய் எல். 'நம்ம எக்ஸ் ஒய் எல் காபி கொண்டு வர்றாங்க', 'எக்ஸ் ஒய் எல் கூப்பிடறாங்க, வர்றேன்', இப்படியே சொல்லிக்கிட்டு இருப்பார். நானும் ஏதோ ரேடியோ பாஷைன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, எக்ஸ் ஒய் எல்னா என்னங்க?"

"பொண்டாட்டின்னு அர்த்தம்."

"அதுக்கு எதுக்கு மூணு எழுத்து?"

"கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா ஒய் எல். யங் லேடி. கல்யாணம் ஆயிட்டா முன்னாடி ஒரு எக்ஸ் சேந்துக்கும். முன்னாள் எம்எல்ஏன்னு போடற மாதிரி."

எனக்கு இருபத்திமூணு வயசு அக்கா. இருபத்திமூணில் முன்னாள்.

"அப்ப கல்யாணம் ஆன ஆம்பளைக்கு என்ன சேருமுங்க?"

"ஆம்பளைக்கு என்ன? எப்பவும் ஓ எம்தான். ஓல்டு மேன். பத்து வயசுப் பையனா இருந்தாலும் ஓல்டு மேன்தான்." சொல்லிட்டு அவருக்கே சிரிப்பு தாங்கலை.

சரி, போகட்டும். அதுக்கெல்லாம் சண்டை போட்டா குடும்பம் நடத்த முடியாது.

நான் சொல்ல வந்தது மருதாசலண்ணனைப் பத்தி. அவரும் ரேடியோக்காரர்தான். ரீவைண்டிங் பட்டறை வெச்சிருக்கார், எரிஞ்ச மோட்டாருக்கும் ஃபேனுக்கும் கம்பி மாத்திச் சுத்தற பெரிய பட்டறை. அந்த ஏரியல் கம்பி கட்ட அவரும் ரெண்டு மூணு பேரும் எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. நான் அடுக்களையை விட்டு வெளியே வரலை. வர மாட்டேன், எனக்குக் கூச்சம். டம்ளரை எல்லாம் தட்டில் வெச்சு நிலைப்படி வரைக்கும் நகர்த்தி விட்டேன். ஹாலில் ஒரு பழைய சீலிங் ஃபேன் ஓடுது. அதைப் பார்த்துட்டு மருதாசலண்ணன், "யாருப்பா சுத்துனது? சத்தமே இல்லாம ஓடுது"ன்னார். நான்தான் சுத்தினது, பாப்பா வயித்தில் இருக்கும்போது. எங்க வீட்டுக்காரர் சொன்னார், எக்ஸ் ஒய் எல்னு. மருதாசலண்ணன் அங்கிருந்தே அடுக்களையைப் பார்த்துச் சத்தமாச் சொன்னார்: "அம்மிணி, உம்பட வீட்டுக்கே ஒரு சுத்தற மிஷினை அனுப்பறேன். கைக்கொழந்தையை வெச்சுக்கிட்டுப் பட்டறைக்கு வர முடியாதில்லொ? வீட்டுலயே ஃபேன் காயில் சுத்திக் குடு."

கையால் சுத்தற சின்ன மிஷின். எத்தனை சுத்துன்னு நம்பர் காட்டும். கட்டில் பக்கத்தில் எங்கே போடணும்னுகூடப் பார்த்து வெச்சுட்டேன். ஜன்னல் கிட்ட. பாப்பா எட்டாத உயரத்துக்கு ஒரு பலகை அடிக்கச் சொல்லி இருந்தேன். அடிச்சாச்சு. பலகை இன்னும் இருக்கு. அதில் இப்ப சீப்பும் பவுடர் டப்பாவும்தான் இருக்கு.

எதனாலே? ஒரு சோக்கினாலே.

சோக்னா உங்களுக்கு டியூப்லைட் சோக்தான் தெரியும். இது வேற. இவருக்குக் குரல் பத்தலையாம். சின்ன ரேடியோவில் பேசினா தூரத்தில் இருக்கறவனுக்குச் சரியாக் கேக்கலையாம். அதனால் லீனியர்னு ஒரு பெட்டி கட்டினார். ஆம்ப்ளிஃபையர். கோயில் ஸ்பீக்கருக்கு வெப்பாங்களே அந்த மாதிரி, ஆனா ரேடியோவுக்கு. உள்ளே பாட்டில் மாதிரி ஒரு வால்வு. அந்த வால்வுக்குக் கரண்ட் போற வழியில் ஒரு காயில் நிக்கணும். அதுதான் சோக். கடையில் கிடைக்காது, நாமே சுத்தணும். கட்டைவிரல் பருமனில் வெள்ளையா ஒரு குச்சி, டெஃப்லான், அவரே லேத்தில் கடைஞ்சு கொண்டு வந்தார். அழகாத்தான் கடைஞ்சிருந்தார், அதை நான் குறை சொல்ல மாட்டேன். பென்சிலில் கோடு போட்டு என் கையில் குடுத்தார்.

"இங்க இருந்து இங்க வரைக்கும் சுத்து. அப்புறம் இவ்வளவு எடம் விடு. மறுபடி சுத்து. மறுபடி விடு. ஒரே வரிசைதான். இருபத்தெட்டாம் கேஜ்."

"எதுக்குங்க எடம் விடோணும்?"

"சொன்னா உனக்குப் புரியாது புள்ள. நீ சுத்து."

அக்கா, நீங்களே சொல்லுங்க. நாலு வருஷம் காயில் சுத்தினவளைப் பார்த்து, காயிலைப் பத்திச் சொன்னா உனக்குப் புரியாதுன்னு சொன்னா எப்படி இருக்கும்? எனக்குப் புரியாத ரேடியோ உங்களோட இருக்கட்டும், கம்பியுமா?

அந்தக் கம்பியையாவது ஒழுங்கா வாங்கிக் குடுத்தாரா? ஏதோ பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிச்சு, அதில் இருந்த கம்பியைக் கழட்டி, சுருட்டிக் கொண்டு வந்தார். தொட்டதும் தெரிஞ்சுபோச்சு எனக்கு. அங்கங்கே மடங்கி நிமிர்த்தின கம்பி. மல் துணியில் விட்டு இழுத்தேன். கம்பெனியில் எங்க வழக்கம் அது. எனாமல் தூக்கி இருந்தா நூல் பிடிக்கும். இழுத்தா முழத்துக்கு ஒரு இடத்தில் நூல் பிடிக்குது. இதையா சுத்தறது? அதுக்கு மேலே எத்தனை வோல்ட்டாம் தெரியுமா, இவரே சொன்னார், கையை வெச்சா ஆளே மிஞ்ச மாட்டான்னு. பிள்ளை தவழற வீட்டில். அதுக்கு இந்தக் கழட்டின கம்பி!

அந்தக் கம்பியை அப்படியே பழைய பேப்பர்காரர்கிட்டப் போட்டுட்டேன். நான் இந்தக் கடைக்கு வந்தேன். பெரியவர்கிட்ட நல்லதா, புதுசா, எனாமல் கெட்டியா இருக்கறது வேணும்னு கேட்டேன். ரெண்டு மூணு ரீல் எடுத்து வெச்சார். நான்தான் பார்த்து எடுத்தேன். இருபத்திரெண்டாம் கேஜ். ஆமா, இருபத்தெட்டு இல்லை. இருபத்தெட்டு தலைமுடி மாதிரி இருந்தது. அவ்வளவு வோல்ட்டுக்குத் தலைமுடியைக் கட்டுவாங்களா? மோட்டாரில் லோடு ஜாஸ்தின்னா தடிக்கம்பிக்குத்தான் போவோம், மெல்லிசுக்குப் போக மாட்டோம். இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும்.

சுத்தினேன். பாப்பாவைத் தொட்டிலில் போட்டு, தொட்டில் கயித்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கிட்டே சுத்தினேன். அவர் சொன்ன அளவு ஒரு வரிசையில் அடங்கலை. கம்பி தடியாச்சே. அதனால் மேலே இன்னொரு வரிசை ஏத்தினேன். எடம் விடச் சொன்னாரே, அதையும் நிரப்பிட்டேன். எடம் விட்டுச் சுத்தினா பார்க்க எப்படி இருக்கும் தெரியுமா? பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். கம்பெனியில் அப்படிச் சுத்தி வெச்சிருந்தா அன்னிக்கே சிவப்புத் துணிதான். அப்புறம் வார்னிஷில் முக்கி, மாடியில் வெயிலில் வெச்சுக் காய வெச்சேன். பளபளன்னு, நாவல்பழம் மாதிரி. அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நேரமாச்சுன்னு அப்படியே பெட்டியில் மாட்டிட்டார். அப்பவே சொல்லி இருக்கலாம்தானே? வாய் இருக்கில்ல? ஜப்பான் வரைக்கும் போற வாய்!

ஞாயித்துக்கிழமை காலையில் இவங்க எல்லாரும் ரேடியோவில் ஒண்ணு சேருவாங்க. மருதாசலண்ணன்தான் அதை நடத்தறவர், ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த ஞாயித்துக்கிழமைதான் எங்க வீட்டுக்காரர் லீனியரை முதல் தடவை போட்டார். நான் தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன். படார்னு ஒரு சத்தம். ஃபேன் நின்னுபோச்சு. பாப்பா வீல்னு அழறா. அதுக்கும் முன்னாடி எனக்கு வாசம் வந்துட்டது. எரிஞ்ச வார்னிஷ் வாசம். கம்பெனியில் அந்த வாசம் வந்தா கை தானா நின்னுரும், யாரோடதுன்னு எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். அன்னிக்குப் பார்க்க யாரும் இல்லை. நான்தான்.

ஃபியூஸ் மாத்தினார். லீனியரைத் தள்ளி வெச்சுட்டுச் சின்ன ரேடியோவை எடுத்தார். நான் தோசைக் கரண்டியோட வாசற்படியில் நிக்கிறேன். என்னைப் பார்த்தார். பார்த்துக்கிட்டேதான் சொன்னார்.

"சோக் போயிருச்சுப்பா. நம்ம எக்ஸ் ஒய் எல் சுத்துனது. பம்ப்செட்டுக்குச் சுத்துன கை பாருங்க, கெணத்துல தண்ணி வேணா எடுக்கலாம், சிக்னல் எடுக்க முடியாது."

ரேடியோ பூரா சிரிப்பு. ஒருத்தர் திருப்பூரில் இருந்து சொல்றார்: "ஓ எம், அடுத்ததை முறுக்குக் குழல்ல பிழிஞ்சு தரச் சொல்லுங்க!" இன்னொருத்தர் சேலமோ எங்கேயோ: "பிழிஞ்சு எண்ணெயில போட்டாச்சு போல, இங்க வரைக்கும் வாசம் வருது!" எங்க வீட்டுக்காரரும் சிரிக்கிறார். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். மருதாசலண்ணன் மட்டும் சிரிக்கலை. "சரி சரி, அடுத்த ஸ்டேஷன் பேசுங்க"ன்னார். எனக்கு அதுதான் உறைச்சது. சிரிச்சிருந்தா விளையாட்டுன்னு நினைச்சிருப்பேன்.

உள்ளே வந்தா கல்லில் தோசை கருகிக் கிடக்கு. அதையே எடுத்து அவர் தட்டில் வெச்சேன். சாப்பிட்டார். கருகினது தெரியவே இல்லை அவருக்கு.

மறுநாள் மிஷினை அனுப்பறதா மருதாசலண்ணன் சொல்லியிருந்தார். வரலை. அந்த வாரம் பூரா ஆட்டோ சத்தம் கேட்டா ஜன்னலுக்கு ஓடுவேன். கேஸ்காரர், தண்ணிக் கேன்காரர், இவங்கதான் வந்தாங்க.

"ஏனுங்க மாமா, மிஷின் ஏன் வரலை?"

"அவருக்கு என்ன சோலியோ."

"நீங்க ரேடியோவுல சொன்னதாலதான் வரலை."

"அட, அது தமாசு புள்ள. ரேடியோவுல எல்லாரும் பேசறதுதான். போச்சாது உடு."

"அப்ப அதே ரேடியோவுல இன்னொரு தமாசு பண்ணுங்க. நாந்தான் சரியாச் சொல்லிக் குடுக்கலைன்னு சொல்லுங்க. பொண்டாட்டி சுத்துல தப்பில்லைன்னு சொல்லுங்க."

"எடம் விட்டுச் சுத்துன்னு சொன்னேனா இல்லையா? விட்டியா நீ?"

"இந்த வீட்டுல எடைவெளிக்கு என்னங்க கொறைச்சல், அதுலயும் வேற விடோணுமாக்கும்?"

எனக்கே தெரியாம வாயில் வந்துட்டது அக்கா. அதுக்குள்ள அவருக்குப் போன் வந்தது, பேசிக்கிட்டே மாடிக்குப் போயிட்டார். மெட்ராஸில் யாரோ சிநேகிதராம், ரெடிமேடா ஒரு சோக் அனுப்பறேன்னு சொல்லி இருக்கார். படியில் இருந்தே கேட்டுச்சு: "ஆமா ஓ எம், இனி வீட்டுல சுத்தற வேலையே வேண்டாம்."

வேண்டாமாம்.

அன்னிக்குத்தான் நான் முடிவு பண்ணினேன். எரிஞ்ச சோக்கை ஒரு துணியில் சுத்தி, பாப்பாவை இடுப்பில் வெச்சுக்கிட்டு, நேரா மருதாசலண்ணன் பட்டறைக்குப் போனேன். எப்படிப் போனேன்னு கேக்காதீங்க. பட்டறை வாசலில் நின்னு, உள்ளே போகலாமா வேண்டாமான்னு எவ்வளவு நேரம் நின்னேனோ. உள்ளே பூரா ஆம்பளைங்க. கடைசியில் பாப்பாதான் 'தாத்தா'ன்னு கத்தினா, யாரைப் பார்த்தாளோ. அவர் எட்டிப் பார்த்தார்.

"வா அம்மிணி. குழந்தை கொஞ்சம் பெருசாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு நெனச்சேன் மிஷினை."

துணியைப் பிரிச்சு அவர் மேசையில் வெச்சேன். "இதுல எது தப்புன்னு சொல்லுங்கண்ணா"ன்னேன். அவ்வளவுதான் எனக்குப் பேச வந்தது.

எடுத்துப் பார்த்தார். கருகினதைச் சுரண்டினார், கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இங்க பாரு அம்மிணி. இது மோட்டார் இல்ல. மோட்டார்ல கம்பி தடியா இருந்தா நல்லது, நெருக்கமாக் கெடந்தா நல்லது. கரண்ட்டு ஓடோணும். இதுல கரண்ட்டு போகோணும், ஆனா சிக்னலு போகக் கூடாது. சிக்னலு கொரங்கு மாதிரி. கம்பிமேல கம்பி கெடந்துச்சுன்னா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிரும். அதுக்குத்தான் மெல்லிசுக் கம்பி, நெறையச் சுத்து, ஒரே வரிசை, நடுவுல எடம். நீ தடிக் கம்பியாப் போட்டே, சுத்து கொறைஞ்சு போச்சு. மேல ஒரு வரிசையை ஏத்தி வார்னிஷையும் ஊத்திட்டே. கொரங்குக்கு ஏணி வெச்சுக் குடுத்த மாதிரி. அது ஏறி விளையாடுச்சு, சூடாச்சு, எரிஞ்சு போச்சு."

"சுத்து?"ன்னு கேட்டேன்.

"என்னது?"

"சுத்து எப்படி இருக்குதுங்கண்ணா?"

சிரிச்சார். "சுத்தா? சுத்து அருமையான சுத்து. கருகுனதுலயும் ஒரு கம்பி நகரலை."

கேட்டீங்களா அக்கா? அவர் வாயாலேயே. அருமையான சுத்து. நகரலையாம். நான் அன்னியில் இருந்து என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்? என் சுத்தில் தப்பில்லைன்னுதானே? மத்ததெல்லாம் குரங்குக் கதை. அந்தக் குரங்குக் கதையை இவர் அன்னிக்கே, குச்சியைக் கையில் குடுத்தப்பவே, எனக்குச் சொல்லி இருந்தா? எட்டாவது படிச்சவளுக்குக் குரங்கு தெரியாதா? பாப்பாவுக்கே தெரியும்.

"அப்ப ரேடியோவுல சொல்லுங்கண்ணா, சுத்துல தப்பில்லைன்னு."

"நான் சொல்ல முடியாதும்மா. உம்பட வீட்டுக்காரன் சொன்னதை அவன்தான் மாத்திச் சொல்லோணும்." அப்புறம் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். "ஒளிக்காமச் சொல்றேன். அன்னைக்குச் சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு எனக்கு வேலை குடுக்கறவங்க. இன்னார் சுத்துறாங்கன்னு தெரிஞ்சா, முறுக்கான்னு கேப்பாங்க. நீ புதுசா ஒண்ணு சுத்து. வர்ற ஞாயித்துக்கிழமை அது எரியாம நிக்கட்டும். எல்லாரும் காதுல கேக்கட்டும். மறுநாளே மிஷின் உன்ற வீட்டுல இருக்கும்."

"எரிஞ்சா?"

"எரிஞ்சா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

கொஞ்ச நாள்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? பலகையில் சீப்பும் பவுடர் டப்பாவும்தான்.

அதான் வந்திருக்கேன். மெட்ராஸ் சோக் வர்றதுக்குள்ள, இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் சுத்தி முடிக்கணும். டெஃப்லான் குச்சி அவர் பெட்டியில் இன்னொண்ணு கிடந்தது. எடுத்து வெச்சிருக்கேன். பென்சில் கோடும் நானே போட்டுட்டேன்.

அந்த ரீலை இப்படித் தள்ளுங்க அக்கா. இல்லை, பக்கத்தில் இருக்கறது. அது இருபத்திரெண்டு. ம்... கையில் எடுத்தாலே எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. கம்பின்னா இது கம்பி. சரி. அதை எடுத்து உள்ளே வெச்சுருங்க. கண்ணு முன்னாடி இருக்க வேண்டாம்.

இருபத்தெட்டு எடுங்க. முனையைக் கொஞ்சம் பிடிங்க. துணி என் பையில் இருக்கு, மேல் பாக்கெட்டில், எடுத்துக் குடுங்க, இவளை வெச்சுக்கிட்டு எனக்குக் கை வராது. ஆங். இப்ப துணிக்குள்ள வெச்சு இழுங்க. மெதுவா. நூல் பிடிக்குதா? பிடிக்கலைதானே? விரலில் சுத்தி நிமிர்த்துங்க. எனாமல் வெடிக்கலையே? பாருங்க, நகத்தால் ஒரு கீறு கீறினாலும் லேசில் வராது. இதுதான். இதையே எடைபோடுங்க.

என்ன பார்க்கறீங்க? அவர் சொன்ன அதே கேஜ்தானேன்னா? அதே இல்லை. அவர் குடுத்தது கழட்டின கம்பி. இது புதுசு. நான் தொட்டு, இழுத்து, பார்த்து எடுத்த கம்பி. கேஜ் ஒண்ணா இருந்துட்டா அது அவர் சொன்னதாயிருமா?

எடமும் விடுவேன். குரங்குக்குப் பயந்து இல்லை. மருதாசலண்ணன் வயசில் மூத்தவர், சொல்லிட்டார், அந்த மரியாதைக்கு. வார்னிஷும் போட மாட்டேன். அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. சுத்தின காயிலை வார்னிஷ் போடாம குடுக்கறது, பிள்ளையைச் சட்டை போடாம விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி. இருக்கட்டும்.

சுத்தி முடிச்சதும் வீட்டுக்காரர் கையில் குடுப்பேன்னா நினைக்கிறீங்க? மாட்டேன். அரிசி டப்பாவுக்குள்ள, அடியில் வெச்சிருவேன். அந்த டப்பாவை அவர் கல்யாணம் ஆனதில் இருந்து திறந்ததே இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில் எல்லாரும் ரேடியோவுக்கு வரட்டும். திருப்பூர்க்காரர் வரட்டும், சேலத்துக்காரர் வரட்டும். மருதாசலண்ணன் பேர் கூப்பிடட்டும். அப்ப நான் அரிசியில் கையை விட்டு எடுத்துக்கிட்டுப் போய் அவர் முன்னாடி நிப்பேன். 'முதல்ல சின்ன ரேடியோவுல சொல்லுங்க. இந்தச் சோக் யார் சுத்துனதுன்னு பேரைச் சொல்லுங்க. போன தடவை சுத்துல தப்பில்லைன்னு சொல்லுங்க. அப்புறம் வாங்கி மாட்டுங்க'ன்னு சொல்லுவேன். பேசுவேன் அக்கா. உங்ககிட்டப் பேசிட்டேனே, அவர்கிட்டப் பேச மாட்டேனா? பஸ்ஸையே நிறுத்திட்டேன் இன்னிக்கு.

எண்பது கிராம் போதும். ரெண்டு தடவை சுத்தலாம். இல்லை, ரெண்டு தடவை சுத்த வேண்டி வராது. சும்மா, கையில் இருக்கட்டும்னு.

என்னது?

மறுபடி எரிஞ்சா என்ன பண்ணுவேன்னா?

எரியாது. ... எதுக்குங்க அக்கா அப்படிக் கேக்கறீங்க? இவ்வளவு நேரம் நல்லாத்தானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க? எரியாதுன்னு சொல்றேன். அய்யய்யோ, முழிச்சுட்டா பாருங்க. ஒண்ணுமில்லை சாமி, ஒண்ணுமில்லை, அம்மா கத்தலை. அத்தைகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். இந்தா, இந்தக் கம்பியைப் பாரு, எப்படி மின்னுது பாரு. வாயில் வைக்கக் கூடாது.

எரிஞ்சா... எரிஞ்சுதுன்னா கம்பிதான் மோசம். வேற என்ன? சுத்தில் தப்பில்லைன்னு மருதாசலண்ணனே சொல்லிட்டார். எடம் விட்டாச்சு, ஒரே வரிசை, வார்னிஷ் இல்லை. மீதி என்ன இருக்கு? கம்பிதானே? அப்ப நேரா இங்கேதான் வந்து நிப்பேன். பெரியவர்கிட்டப் பேச மாட்டேன், உங்ககிட்டத்தான் பேசுவேன். அன்னிக்குப் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வர மாட்டேன், குரலை இறக்கவும் மாட்டேன்.

அதுக்குத்தான் பில் கேக்கறேன். போடுங்க.

பேரா? சுகந்தின்னு எழுதுங்க. சுகந்தி. அவ்வளவுதான் அக்கா. முன்னாடி எந்த எழுத்தும் வேண்டாம்.